கொழும்புக்குப் போன கொழுந்து

“எதிர்காலம் இங்கே தொடங்குகிறது” என்று மூன்று மொழியிலும் எழுதி வாசலில் பெரிய துணி கட்டியிருந்தார்கள். நாங்கள் உள்ளே காலடி வைத்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

நாடு வங்குரோத்தாகிவிட்டது என்று அரசாங்கமே வாய்விட்டுச் சொன்ன வருஷம் அது. பெற்றோலுக்கு ஒரு வரிசை, சமையல் காஸுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை, பாஸ்போட்டுக்கு எல்லாவற்றையும்விட நீளமான வரிசை. அப்படிப்பட்ட நேரத்தில் கொழும்பில் ஒரு தொழில்நுட்ப வர்த்தக மாநாடு எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டார்கள், மண்டபக்காரர்கள் அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள், அதனால் மாநாடு நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். இந்த நாட்டில் நடக்கிற பல காரியங்களுக்கு இந்த அளவுக்குக்கூடக் காரணம் கிடையாது. பெரிய கம்பனிகள் பாதிக்கு மேல் வராமல் நின்றுவிட்டதால் ஸ்டோல்கள் காலியாகக் கிடந்தன. அப்படித்தான் ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கடை வைத்திருந்த எங்களுக்கும் எதிர்காலத்தில் ஓர் இடம் கிடைத்தது. கழிவறைக்குப் பக்கத்து இடம்.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் மனைவிக்கும். கடையின் வெளியே “போன் திருத்தப்படும்” என்று போர்டு தொங்கினாலும், உள்ளே எங்கள் உயிர் வேறொரு பொருளில் இருந்தது. ஒரு தராசு. மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் மூட்டையைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டுவார்கள். நிறுப்பவர் முள்ளைப் பார்ப்பார். சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம், அவர் மனநிலைக்குக் கொஞ்சம் கழித்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்வார். கொழுந்து எடுத்தவளுக்கு முள் தெரியாது. அவர் முதுகு மட்டும் தெரியும். எங்கள் தராசு அந்த முதுகைத் தாண்டிக் காட்டும். எண்ணைப் பெரிய எழுத்தில் போடும், அதையே அவளுடைய போனுக்கும் மெசேஜாக அனுப்பும். அதில் உள்ள அறிவு முழுக்க என் மனைவியுடையது. பெட்டிக்குப் பச்சை பெயின்ட் அடித்தது நான்.

அவள் ஒரு காலத்தில் ஹட்டனில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தினாள். நான் மாணவனாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பாடம் ஏறவில்லை. அவளைக் கல்யாணம் முடித்தேன். அந்த வகுப்பில் தேறாதவர்களில் இன்றுவரை டீச்சரோடு தொடர்பில் இருப்பவன் நான் ஒருத்தன்தான் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். என் வேலையே அதுதான். பத்திரிகைக்கு எப்போதாவது ஒரு நகைச்சுவைக் கட்டுரை, மிச்ச நேரத்தில் புத்தகம், கடைக்கு வருகிறவர்களிடம் பேச்சு. அவள் தலையைக் குனிந்து வேலை செய்வாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து அதற்கு விளக்கம் சொல்வேன். பல குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

அந்த வருஷம் ஓடவில்லை. டொலர் இல்லை என்று உதிரிப் பாகங்கள் வருவது நின்றது. போன் உடைந்தவர்கள் உடைந்த போனோடு வாழப் பழகிக்கொண்டார்கள். ஒருநாள் சாயந்திரம் கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடிவிட்டு, அவள் படியிலேயே உட்கார்ந்தாள்.

“என்னங்க, மாநாட்டுல ஒரு தோட்டக் கம்பனியாவது தராசை எடுத்தாத்தான் கடை நிக்கும். இல்லாட்டி நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் வெளிய போகணும்.”

“நான் போறேன்” என்றேன். “துபாய்ல கதை சொல்றதுக்கு ஆள் எடுக்கிறாங்களாம்.”

அவள் சிரிக்கவில்லை. நான் போவேன் என்று சொன்னது மட்டும் உண்மை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது அம்மா வீட்டு வேலைக்கு வளைகுடா நாடு ஒன்றுக்குப் போனார். எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அது புதினமில்லை. காம்பராவுக்குக் காம்பரா ஒரு அம்மா குறைவாகத்தான் இருந்தார். பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது நான் வாசலில் நின்று, “வாங்க” என்றேன். அதுவரை அம்மாவிடம் வா, போ என்று பேசியவன். டீச்சருக்கும் துரை வீட்டு அம்மாவுக்கும் கொடுக்கிற மரியாதையை அன்று என் அம்மாவுக்குக் கொடுத்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மா அழுதார். மரியாதை கொடுத்தால் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கிய பிறகு, எங்களுக்கு மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மனைவியிடம் சொன்னேன்: “இனி இந்த வீட்டுல இருந்து ஒரு பொம்பளையும் பிளேன் ஏறக்கூடாது.” நான் வாழ்க்கையில் பகடி கலக்காமல் பேசிய சில வாக்கியங்களில் அது ஒன்று.

ஆகவே தராசை விற்றே ஆக வேண்டும். விற்பனைக்குப் பொறுப்பு நான். அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

தராசைக் காட்டினால் போதாது, எதையாவது நிறுத்துக் காட்ட வேண்டும். அவள் சீனி மூட்டை வைக்கலாம் என்றாள்.

“சீனியா? இன்னிக்கி இருக்கிற நிலைமையில கொழும்புல சீனிய வச்சா, தராசை விட்டுட்டு அதைத் தூக்கிட்டுப் போயிருவான்.”

“அப்ப செங்கல்லு.”

“தோட்டத் துரைமாருக்குச் செங்கல்லை நிறுத்துக் காட்டுறதா? கொழுந்து கொண்டு போவோம். அன்னிக்கி எடுத்த பச்சைக் கொழுந்து. கொழும்புல ஒருத்தனும் கொண்டு வந்திருக்க மாட்டான்.”

ஒருவனும் கொண்டுவராததற்குக் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மலையில் பிறந்து வளர்ந்தவன் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. எங்களுக்குக் கொழுந்து என்றால் நிறுக்கிற மடுவத்தில் குளிர்ச்சியாகக் கிடக்கிற பொருள். மடுவத்திலிருந்து லொறி, லொறியிலிருந்து ஸ்டோரு என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை. அதற்கப்பால் அது என்ன ஆகும் என்று நான் ஏன் யோசிக்கப் போகிறேன்?

வட்டவளைப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருந்த ஒருவரிடம் சொல்லி வைத்துக் கொழுந்து எடுத்தோம். கடையில் எங்கள் தராசிலேயே நிறுத்தோம். சாக்கோடு சேர்த்து, அச்சொட்டாகப் பத்துக் கிலோ. சாக்கைக் கட்டுவதற்காக நான் காலை வைத்து அமுக்குவதை அம்மா பார்த்தார்.

“டேய், கொழுந்த அமுக்காதடா. சூடேறிரும்.”

“ட்ரெய்ன்ல எடம் வேணும்மா.”

“எங்க கொண்டு போற?”

“கொழும்புக்கு.”

“கொழும்புல எதுக்குடா கொழுந்து? அங்க தேத்தண்ணிக்கா பஞ்சம்?”

இருபது வருஷம் கொழுந்து எடுத்த கை அம்மாவுடையது. அந்தக் கைக்குப் பிறந்தவன் நான், கொழுந்தைக் காலால் மிதித்து மூட்டை கட்டினேன். ட்ரெய்னில் கூட்டம் நெருக்கியடித்தது. ரம்புக்கனையில் ஏறிய ஒரு சிங்கள நோனா மூட்டையைப் பார்த்துவிட்டு, மெத்தென்று இருக்கும் என்று ஊகித்து, அதன்மேல் உட்கார்ந்தார். கம்பஹாவில் இறங்கும்போது “ஸ்தூத்தி” என்று நன்றியும் சொன்னார். நான் தலையாட்டினேன். இருக்கையின் வசதியைப் பற்றிக் கருத்துக் கேட்கத்தான் நேரமில்லை.

மாநாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. மேடையில் ஒருவர் செயற்கை நுண்ணறிவைப் பற்றி மைக் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தார்; முதல் இரண்டு வரிசைக்கு மட்டும் நுண்ணறிவு கிடைத்தது. குளிரூட்டியில்லாத மண்டபத்தில் டை கட்டியவர்கள் மாநாட்டுக் கையேட்டால் விசிறிக்கொண்டு நின்றார்கள். ஸ்டோல் போட்டிருந்த கம்பனிகளில் பாதி சூரிய மின்சாரம் விற்றது. மீதிப் பாதி ஆள் எடுத்தது. கனடாவுக்கு, அவுஸ்திரேலியாவுக்கு, வளைகுடாவுக்கு. மண்டபத்திலேயே அதிகக் கூட்டம் நின்றது பாஸ்போட் அளவுப் படம் எடுத்துக் கொடுத்த ஸ்டோலில்தான். எதிர்காலம் எங்கே தொடங்குகிறது என்று சனத்துக்குத் தெரிந்திருந்தது.

நான் பச்சைப் பெட்டியைத் துடைத்து வைத்தேன். மூட்டையைக் கொக்கியில் மாட்டினேன். நானே எழுதிக் கொண்டுபோன அட்டையைப் பக்கத்தில் நிறுத்தினேன்: “இந்த மூட்டை சரியாகப் பத்துக் கிலோ. எங்கள் தராசு பொய் சொல்லாது. நீங்களே பாருங்கள்.” ஊரிலிருந்து கொண்டுவந்த மோட்டார்சைக்கிள் பெட்டரியில் அவள் வயரைக் கொடுத்தாள். எண் ஒளிர்ந்தது.

ஒன்பதே முக்கால்.

“தட்டிப் பாரு” என்றேன். என் தொழில்நுட்ப அறிவு அவ்வளவுதான்.

அவள் தட்டவில்லை. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். “கொதிக்குதுங்க. வாடுது. தண்ணி போகுது.”

“ஒரு ராத்திரியிலயா?”

“மேல எவ்வளவு குளிரு, இங்க எவ்வளவு சூடு? நீங்க வேற மிதிச்சிருக்கீங்க.”

எங்கள் தராசு பொய் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை. நேரம் போகப் போக எண் இறங்கியது. நான் அட்டையைத் திருப்பி வைக்கலாமா என்று யோசிப்பதற்குள் வாசனை பரவத் தொடங்கியது. பச்சை ஆப்பிளை வெட்டிவைத்த மாதிரி, அதற்குள் கொஞ்சம் புல், கொஞ்சம் புளிப்பு. ஸ்டோரில் கொழுந்தை வாட்டுகிற மாடியில் வரும் அதே வாசனை. கொழும்பின் நடுவில் அதை நுகர்ந்த தோட்டக் கம்பனிக்காரர்கள் சாவி கொடுத்த பொம்மைகள்போல எங்கள் பக்கம் திரும்பினார்கள். விளம்பரம் என்ற வகையில் வெற்றிதான்.

அவர்களில் ஒருவர், நரைத்த மீசை, ஏதோ ஒரு தோட்டத்தில் பல காலம் துரையாக இருந்து இப்போது கொழும்பு அலுவலகத்துக்கு உயர்ந்தவர். எங்கள் தமிழை எங்களைப்போலவே பேசினார். அட்டையைப் படித்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார்.

“பத்துன்னு எழுதியிருக்கு, ஒம்பதரைன்னு காட்டுது. கொறச்சுச் சொல்றதுக்கு எனக்கு ஒரு மெஷின் எதுக்குப்பா? அதுக்குத்தான் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கிறேன்.”

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை. நானே எழுதியிருந்தால் பத்திரிகையில் போட்டிருப்பார்கள். நானும் சிரித்தேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. மேசைக்குப் பின்னால் தரையில், சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். லெப்டொப்பை மடியில் வைத்தாள். அதன்பிறகு அவளுக்குக் காது கேட்காது. அது எனக்குத் தெரியும். வீட்டில் குக்கர் விசில் போதாமல் நான் போய்த் தோளைத் தட்ட வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழும்பி வந்து எண்ணைப் பார்த்தாள், கழிவறைச் சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்குச் சாப்பிட வாங்கிவந்த பணிஸ் அவள் பக்கத்திலேயே காய்ந்தது.

பகல் சாப்பாட்டு நேரம் முடிய, தராசில் இரண்டு வரி தெரிந்தது. மேலே, இப்போது எவ்வளவு. கீழே, செடியிலிருந்து எடுத்தபோது எவ்வளவு இருந்திருக்கும். கீழ் வரி பத்துக்கு மிகமிகப் பக்கத்தில் நின்றது. சூடு, நேரம், இறங்குகிற வேகம், இவற்றைக் கொண்டு போன தண்ணீரை அவள் திரும்பக் கணக்கெடுத்துவிட்டாள். மலையில் காலையில் எடுத்த கொழுந்து லொறி வராமல் வெயிலில் கிடந்து எடை குறைந்தால் அது எடுத்தவள் தலையில்தானே விழுகிறது? இனி விழாது. வருஷக்கணக்காக அந்த மெஷினைக் கட்டிய எங்களுக்கு அது தோன்றியதில்லை. என் முட்டாள்தனம் அதைத் தோன்ற வைத்தது.

நரைத்த மீசைக்காரர் திரும்ப வந்தார். அவளே எழும்பி விளக்கினாள். அவர் இம்முறை பகடி பண்ணவில்லை. இரண்டு வரியையும் நெடுநேரம் பார்த்தார்.

“நல்ல சாமான்ம்மா” என்றார். “நெசமாவே நல்ல சாமான். ஆனா இப்ப ஒண்ணும் வாங்குற நெலமை இல்ல. டொலர் இல்ல. உரம் இல்ல. உரம் இல்லாம கொழுந்தும் இல்ல. நிறுக்கிறதுக்கு மொதல்ல மலையில ஏதாச்சும் வளரட்டும்.”

அவருடையதுதான் வந்திருந்த தோட்டக் கம்பனிகளில் பெரியது. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விசிட்டிங் கார்டு மட்டும் கொடுத்தார்கள். கடை போய்விட்டது என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. துபாயில் காவலாளிக்கு வயது எல்லை என்ன என்று மனதுக்குள் பார்க்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் எதிர் ஸ்டோலிலிருந்து ஒரு மனிதர் வந்தார். வளைகுடாவில் பெரிய குளிர்சாதனக் களஞ்சியங்கள் நடத்துகிற கம்பனி. பழம், மீன், பூ. கேரளாக்காரர், தமிழை மலையாள ராகத்தில் பேசினார். காலையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“பழத்திலும் இதுதான் சார் பிரச்சினை. கப்பலில் ஏற்றின எடை ஒன்று, இறக்கின எடை ஒன்று. தினமும் சண்டை. இந்த ப்ரோகிராமை ஆர் எழுதினது?”

வாங்க வந்திருக்கிறார்! என் நாக்குக்கு உயிர் வந்தது. அன்று காலையிலிருந்து பேசக் கிடைக்காத அத்தனையையும் பேசினேன். “இவங்கதான் சார், என் வைஃப்” என்று அவளைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எழுதிய கதையைச் சொன்னேன். கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டார்சைக்கிள் பெட்டரியில் எழுதுகிற கதையைச் சொன்னேன். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்து “அந்த மூணாவது வரி பிழை” என்று சொன்னதைச் சொன்னேன். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது; நாலாவது வரி. அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு அவளிடம் தனியாகக் கேள்வி கேட்டார். ஆங்கிலத்தில், எனக்குப் பாதி விளங்காத சங்கதி. அவள் முதலில் தயங்கினாள். பிறகு ஒரு தாளை இழுத்துக் கோடு போட்டு விளக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் இருந்ததை நான் ஹட்டனில் அந்த வகுப்பறையில்தான் கடைசியாகப் பார்த்தேன். கடை தொடங்கிய பிறகு அது எங்கே போயிருந்தது என்று நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் அவர் வந்து என்னிடம்தான் முதலில் பேசினார். மரியாதை தெரிந்த மனிதர்.

“மெஷின் வேண்டாம் சார். மேடம் மட்டும் போதும்.”

சம்பளத்தைச் சொன்னார். தங்குமிடம் தருவார்கள். முதல் ஒப்பந்தத்துக்குக் குடும்ப விசா கிடையாது, பிறகு பார்க்கலாம். நாட்டின் பெயரையும் சொன்னார். அம்மா போன அதே நாடு.

என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வியாபாரம் அதுதான். ஒரு கால்மணி நேரப் பேச்சில் முடித்தேன்.

“யோசிச்சுச் சொல்றோம்” என்றேன். அவள் மூட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கறுத்து நசிந்துபோன கொழுந்தை மண்டபம் கூட்டுகிற அம்மாவிடம் கொடுத்து, ரோஜாச் செடிக்குப் போடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள்.

திரும்பி வந்த ட்ரெய்னிலும் கால் வைக்க இடமில்லை. நாவலப்பிட்டியில் ஒருவர் இறங்க, அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றேன், காலுக்கிடையில் பச்சைப் பெட்டி. மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. கொழும்பில் இரண்டு நாளும் ஒட்டிக்கொண்டிருந்த சட்டை முதுகிலிருந்து விட்டது. வட்டவளை ஸ்டேஷனில் மிஸ்ட் இறங்கி, எதிர்ப் பக்கத்து மலையே இல்லாமல் போயிருந்தது. ட்ரெய்ன் புறப்பட்டதும் அவள் நிமிர்ந்து கேட்டாள்.

“என்னங்க. நான் போகவா?”

சுற்றிலும் ஆட்கள். மேல் தட்டில் சாமானைப் பிடித்துக்கொண்டு ஒருவர், வாசலில் நாலு பேர், எதிரே மடியில் மரக்கறிக் கூடையோடு ஒரு அக்கா. எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். ஆஸ்பத்திரியில் ஒரு முழு வாக்கியமாகச் சொன்னவன், அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று அவள் முகத்தைப் பார்த்திருந்தேன். மகளின் படிப்பு தெரியும், கடையின் நிலை தெரியும். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டும் வராத இடத்தில் என்னிடமிருந்து எப்போதும் வருவது வந்தது.

“போனா மாசம் ஒரு பாக்கெட் பால்மா அனுப்புவியா?”

ட்ரெய்ன் பெட்டி முழுக்கச் சிரித்தது. மரக்கறிக் கூடை அக்கா, “ஆத்தாடி, இவரு வெவரமான ஆளுதான். தங்கச்சி, அப்பிடியே எனக்கும் ஒண்ணு” என்றார். வாசலில் நின்ற ஒருவர், “அண்ணே, காஸும் அனுப்பச் சொல்லுங்க” என்றார். அவளும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, மிஸ்ட் தவிர. ஹட்டன் வரும்வரை அவள் அதைத்தான் பார்த்தாள்.

அவள் போவதற்கான வேலைகளை அம்மாதான் செய்தார். நான் விழுந்து விழுந்து உதவுவேன் என்று எல்லோரும் எதிர்பார்க்க, நான் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தராசுப் பெட்டியின் பெயின்டைச் சுரண்டினேன். பயணத்துக்கு முந்திய நாள் பின்னேரம், அடுப்படியில் அம்மா மருமகளிடம் சொல்வது கேட்டது.

“வீடியோவுல புள்ள முன்னால அழுதுறாத. ஒரு தடவ அழுதிட்டா, பொறகு ஒவ்வொரு தடவையும் அழுவியான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். எங்க காலத்துல கேசட்டுல பேசி அனுப்புவோம். அழுதா அழிச்சிட்டுத் திரும்பப் பேசலாம்.”

அம்மா அனுப்பிய கேசட்டுகள் எங்கள் வீட்டில் இருந்தன. எல்லாவற்றிலும் அம்மா நல்ல சுகமாகத்தான் பேசியிருந்தார்.

முதல் லீவில் அவள் வந்தபோது வீட்டில் விருந்து, தெருவே கூடியது. மகள் தன் அம்மாவை “வா” என்றே கூப்பிட்டாள், கையை விடவில்லை. அந்த விஷயத்தில் நான் பயந்தது நடக்கவில்லை, வீடியோவுக்கு நன்றி. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கடைப் படியில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். கீழே பேக்கரியில் பாண் வெந்துகொண்டிருந்தது. அவள் தன்பாட்டில் சொன்னாள்.

“அன்னிக்கி ட்ரெய்ன்ல, வட்டவளையில இருந்து ஹட்டன் வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு.”

“என்னத்த?”

“வேணாம்னு.”

“சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?”

“தெரியாது. போயிருந்தாலும் போயிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம்ல?”

அதற்கும் ஏதோ ஒரு பகடி தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். விழுங்கிய பிறகு அந்த இடத்தில் வைப்பதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. பாண் வெந்த வாசனை மேலே வந்தது.

இப்போது நாடு எழும்பிவிட்டது என்கிறார்கள். கரண்ட் இருக்கிறது. பெற்றோல் இருக்கிறது. தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது, எங்களுடையது இல்லை. மகள் கண்டியில் தங்கிப் படிக்கிறாள். குடும்ப விசா தருவதாக மனைவியின் கம்பனி ஒருமுறை சொன்னது. அப்போது மகளுக்குப் பரீட்சை, அம்மா விழுந்து இடுப்பெலும்பு போன நேரம். யாரையாவது விட்டுத்தான் யாரையாவது சேர வேண்டும் என்றால் நான் அம்மாவை விடுகிற ஆள் இல்லை. அதையும் அவள்தான் எனக்காகச் சொன்னாள்.

அங்கே அவளுக்குக் கீழே ஆறேழு பேர் வேலை செய்கிறார்கள். வாரக் கடைசியில் பேசுவோம். நான் சொல்லும் பகடி அங்கே போய், அவள் சிரிப்பு இங்கே வர ஒரு நொடி பிந்தும். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு அதைவிடக் கொடிய நொடி கிடையாது. இருந்தாலும் பழகிவிட்டது.

போன மாசம் பேசும்போது சொன்னாள், ஒப்பந்தம் முடியப்போகிறதாம், புதிதாக ஒன்றைக் கொடுத்திருக்கிறார்களாம். முன்னதைவிட நீளம்.

“என்னங்க செய்ய? கையெழுத்துப் போடவா, வேணாமா?”

இந்தக் கேள்விக்கு நான் வருஷக்கணக்காகத் தயாராக இருந்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன், கடையைத் திறக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போது ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிட்டு, என்னடா என்று அம்மா கேட்க, ஒன்றுமில்லை என்றிருக்கிறேன். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தேன்.

“போடாத. வந்துரு” என்றேன். “இங்க ஒண்ணும் நல்லா இல்ல. நீ வந்துரு.”

திரையில் அவள் முகம் அசையாமல் நின்றது. இணைப்பு நின்றதா, அவள் நின்றாளா தெரியவில்லை. பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர.

“நீங்க இன்னும் மாறவே இல்ல. எப்பிடிங்க மூஞ்சிய இவ்வளவு சீரியஸா வச்சுக்கிட்டுச் சொல்றீங்க?”

இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக மெசேஜ் அனுப்பினாள். நல்லது என்று பதில் போட்டேன்.